நல்லா இழுக்குது

அந்தக் காரை விலைக்குக் கேட்டு இதுவரை மூன்று பேர் வந்துபோய்விட்டார்கள். மூன்றாமவன் கிரானிலிருந்து வந்த நெல் வியாபாரி. வீட்டு வளவுக்குள் நாவல் மரத்தின் கீழ் நிற்கிற காரைச் சுற்றிவந்தான், கதவைத் திறந்து மூடினான், சில்லைக் காலால் உதைத்தான், பழைய ஸ்ரீ இலக்கத் தகட்டைத் தடவிப் பார்த்தான். கடைசியில் மற்ற இருவரும் கேட்ட அதே கேள்விக்குத்தான் அவனும் வந்து சேர்ந்தான்.

"அண்ணன், இழுவை எப்பிடி? நல்லா இழுக்குமா?"

உதயரூபன் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வந்தவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்ன மனிசன் இவர்" என்று முணுமுணுத்தபடி தன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். அவன்மேல் ஒரு பிழையும் இல்லை. பழைய கார் வாங்க வருகிறவன் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பான், சொல்லுங்கள்.

உதயரூபனுக்கு வயது ஐம்பத்தொன்று. கொக்கட்டிச்சோலைக்கு உள்ளே, வயல் வட்டைகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டிப் பிழைத்தவன். மண்முனையில் பாலம் வருவதற்கு முன்பு, பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் காரை ஏற்றி வாவியைக் கடந்துதான் மட்டக்களப்புக்குப் போவான். அந்தக் காரின் பின் ஆசனத்தில் மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். எத்தனை கலியாணப் பெண்கள் அதில் ஏறி இறங்கியிருக்கிறார்கள் என்று அவனுக்கே கணக்கில்லை.

அவனைப் பற்றி ஊரில் ஒரு பகிடி உண்டு. ரூபனுக்குக் கழுத்துக்கு மேல் இருப்பது தலை இல்லை, வெறும் காது என்பார்கள். சும்மா சொல்லவில்லை. தெருவில் போகிற வாகனத்தின் சத்தத்தை வீட்டுக்குள் இருந்து கேட்டே, "அவனுக்கு ஒரு பிளக் வேலை செய்யல்ல" என்று சொல்லிவிடுவான். டிராக்டர்க்காரர்கள் தொலைபேசியை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்து, "கேட்டுச் சொல்லு ரூபன்" என்பார்கள். அவனும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். சொல்வது பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இல்லாமல் இருக்குமா?

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். உதயரூபனும் அப்படித்தான் அந்தக் காரோடு சுதர்சனா வீட்டுக்கு வந்தான். "வீடு எனக்கு, கார் உங்களுக்கு. சண்டை வந்தா நீங்க காருக்குள்ள போய்ப் படுங்க" என்று அவள் சொல்வாள். சண்டை அதிகம் வரவில்லை. ஒரே மகள் தக்ஷாயினியைப் படிக்கவைத்து, கலியாணமும் செய்துகொடுத்துவிட்டார்கள். குறை என்று சொன்னால் சுதர்சனாவின் முட்டு வருத்தம் ஒன்றுதான்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த ஆஸ்துமா இருந்தது. மாரி தொடங்கிவிட்டால் நெஞ்சு இழுக்கத் தொடங்கும். வாயில் அடிக்கிற பம்ப் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் உதயரூபன் அவளைத் தூக்கிப் பின் ஆசனத்தில் இருத்தி, தலையணையை மடியில் கொடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு ஆசுப்பத்திரிக்குப் பறப்பான். ஒவ்வொரு மாரியிலும் இரண்டு மூன்று தரம் இது நடக்கும். ஒவ்வொரு தரமும் கார் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இப்போது ஊருக்குள்ளும் ஆம்புலன்ஸ் வருகிறது, 1990 என்கிற இலக்கத்துக்குப் போன் அடித்தால் போதும். யாராவது அதைச் சொன்னால் அவனுக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"என்ட கார் நிக்கக்குள்ள எனக்கென்னத்துக்கு ஆம்புலன்ஸ்?"

சுதர்சனாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அவன் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும்போது, தேத்தண்ணியைக் கொண்டுவந்து நீட்டிவிட்டுச் சொல்வாள்: "என்ட நெஞ்சுக்குள்ளயும் ஒரு கார் ஓடுது. அதையும் ஒருக்காக் கேளுங்களன்." அவன் சிரிப்பான். கேட்டதில்லை.

ஆவணியில், கோயில் திருவிழா நாளில்தான் முதல் கோளாறு தெரிந்தது. ஆரையம்பதியில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மண்முனைப் பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கூவியது, கார் மட்டும் சோர்ந்துகொண்டே வந்தது. மிதித்தால் சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. பாலத்தின் நடுவில் ஒரு சைக்கிள்காரன் அவனை முந்திக்கொண்டு போனான். ஏதோ கருகின வாசம் வந்தது. பின்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். உதயரூபனுக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிப்போனது.

பெற்றோலில்தான் பிழை என்று முடிவு கட்டினான். பெற்றோல் வடிகட்டியை மாற்றினான், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினான், பிளக்குகளைத் தேய்த்துப் பூட்டினான். இரண்டு நாள் இதிலேயே போனது. எஞ்சின் சத்தம் தேனாக இருந்தது. ஆனாலும் பாலத்தில் ஏறினால் அதே கதைதான். வேறு வழியில்லாமல் ஆரையம்பதி எல்லையில் கராஜ் வைத்திருக்கிற இஷாம் நானாவிடம் கொண்டுபோனான். இஷாம் காத்தான்குடி மனிதர், அறுபதைத் தாண்டியவர், தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார்.

இஷாம் எஞ்சின் மூடியைத் திறக்கவே இல்லை. காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஹேன்ட் பிறேக்கை இழுத்து, மேல் கியரைப் போட்டு, கிளச்சிலிருந்து காலை மெல்ல எடுத்தார். நல்ல கார் என்றால் அந்த இடத்தில் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். இது நிற்கவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

"விளங்கிச்சா தம்பி?" என்றார் இறங்கி வந்து. "எஞ்சின் ஓடுது. அந்த ஓட்டம் சில்லுக்குப் போகல்ல. கிளச் தட்டு தேய்ஞ்சு முடிஞ்சு. கீழ பாருங்க, எண்ணெயும் கசியுது. தட்டு எண்ணெயையும் குடிச்சிருக்கு."

"சத்தம் நல்லாத்தானே கிடக்கு நானா."

"நல்லாத்தான் இருக்கும். பாரம் இழுக்காத எஞ்சின் சத்தம் போடாது. காதால கேட்டுப் பிடிக்கிற வருத்தமில்ல இது."

உதயரூபனுக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் என்ன செய்யலாம் என்று கேட்டான். கியர் பெட்டியை இறக்கவேண்டும், தட்டு மாற்றவேண்டும், எண்ணெய்க் கசிவை அடைக்கவேண்டும், பத்து நாள் கார் இங்கே நிற்கவேண்டும் என்றார் இஷாம். இந்தக் காருக்குப் புதுச் சாமான் கிடையாது, கழற்றின சாமான் கடைகளில் தேடித்தான் எடுக்கவேண்டும்.

"ரெண்டில ஒண்டு செய்ங்க. ஒழுங்காச் செய்து ஓடுங்க. இல்லாட்டி நிப்பாட்டிப் போட்டு வேற வழியப் பாருங்க. நடுவில நிக்காதீங்க."

உதயரூபன் நடுவில்தான் நின்றான். திருவிழா ஓட்டம் இருந்தது, அதற்குப் பிறகு இரண்டு கலியாணம் இருந்தது. கிளச் வயரைத் தளர்த்திக் கட்டினால் கொஞ்ச நாளைக்குத் தட்டு பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதைச் செய்துதரச் சொன்னான். "இது தலையிடிக்குப் பனடோல் குடுக்கிறதுதான்" என்று சொல்லிக்கொண்டே இஷாம் செய்துகொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுதர்சனா பயந்துவிட்டாள்.

"மாரிக்கு முதல் செய்து போடுங்க. மறுகா எனக்கு முட்டினா ஆருர கார்ல ஏத்துவீங்க?"

"செய்வம், செய்வம். வேளாண்மை வெட்டு முடியட்டும். இப்ப ஓடுதுதானே."

இரண்டு கிழமைக்கு ஒருதரம் வயரைத் தளர்த்தினான். பிறகு கிழமைக்கு ஒருதரம். கார்த்திகை பிறந்தபோது தளர்த்துவதற்கு வயரில் அதிகம் மிச்சமில்லை. கடைசியில் வளவிலிருந்து தெருவுக்கு ஏறுகிற சின்ன மேட்டில்கூடக் கார் ஏற மறுத்தது. நாவல் மரத்தின் கீழ் அப்படியே நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு மழை பிடித்து மூன்றாம் நாள். விடியற்காலை வெள்ளாப்பிலேயே கரண்ட் போய்விட்டது. உதயரூபன் கண் விழித்தபோது சுதர்சனா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். பம்ப்பை இரண்டு தரம் அடித்தாள். கொஞ்சம் இளகியதுபோல் இருந்தது.

மட்டக்களப்பில் பழைய சாமான் விற்கிற ஒருவன் முதல் நாள் கதைத்திருந்தான். இதே மாதிரிக் கார் ஒன்றை உடைக்கிறானாம், கிளச் தட்டு இருக்கிறதாம், காலையில் வராவிட்டால் வேறொருவன் எடுத்துவிடுவானாம். உதயரூபன் வாசலில் நின்று மழையையும் பார்த்தான், மனைவியையும் பார்த்தான்.

"போயிட்டு வாங்க" என்றாள் சுதர்சனா. "இண்டைக்குக் கொஞ்சம்தான். ரதீசை வரச் சொல்லுங்க."

ரதீஸ் அவளுடைய தம்பி. டிராக்டர் ஓட்டுகிறவன், நாலு வீடு தள்ளி இருக்கிறான். அவனும் மனைவி நிருஷாவும் குடையோடு வந்தார்கள். நிருஷா உள்ளே போனாள். உதயரூபன் ரதீசைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கிளச் வயரைக் காட்டினான். திருகாணியில் இன்னும் மூன்று புரி மிச்சமிருந்தது.

"இத முழுக்கத் தளர்த்து. ஸ்டார்ட் பண்ணி மேட்டில ஏத்திப் பார். இழுக்குதா இல்லியா எண்டு எனக்குப் போன் அடி. இழுத்தா நான் தட்டு வாங்கல்ல. அதுவும் பழசுதானே, மாசி வெட்டு முடியச் செய்வம்."

"சரி அத்தான்."

பஸ் மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது வாவிக்கும் வானத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உதயரூபன் காரைப் பற்றியே யோசித்துக்கொண்டு போனான். மூன்று புரி தளர்த்தினால் தட்டு பிடிக்குமா, பிடித்தால் எத்தனை நாளைக்குப் பிடிக்கும் என்று.

கடை தகரக் கொட்டில். மேலே மழை அடித்துக்கொண்டிருந்தது, ஒரு மூலையில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். கடைக்காரன் எடுத்துக் கொடுத்த தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நிற்கும்போது தொலைபேசி அடித்தது. பத்தரை மணி இருக்கும். ரதீஸ்தான்.

"அத்தான், இழுக்குது."

"என்ன? உரத்துச் சொல்லு."

"இழுக்குது அத்தான். நல்லா இழுக்குது."

"நல்லா இழுக்குதா?"

"ஓம். முந்தி இப்பிடி இழுத்தத நான் பாக்கல்ல."

உதயரூபனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"அப்ப பயமில்ல. இனிக் கை வைக்காத. கொஞ்சம் ஆறப் போடு."

"ஆறப் போடட்டா? வேற ஒண்டும் செய்யத் தேவல்லியா?"

"தேவல்ல. அலட்டாம விடு. நான் வந்து பாக்கன்."

தட்டை மேசையில் வைத்தான். "வேணாமா?" என்று கடைக்காரன் கேட்டான். "இழுக்குதாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்தான். ஒரு தேத்தண்ணி குடித்தான். சுதர்சனாவின் நெஞ்சுக்கென்று மல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டான். அவசரம் இல்லைதானே என்று அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் காத்து நின்றான். அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் அவன் இப்போதும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறான்.

ஒன்றரை மணிக்கு வீட்டு வாசலுக்கு வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கார் மரத்தின் கீழ் இருந்தது. நிருஷா விறாந்தைக்கு வந்தாள்.

"பயப்படாதீங்க அண்ணன். இழுவை நிண்டுட்டு. ஒரு மணித்தியாலமா அமைதியாக் கிடக்கிறா."

"இழுவையா?" என்றான் உதயரூபன்.

அவள் பதில் சொல்லுமுன் உள்ளே போய்விட்டான். சுதர்சனா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு கறுத்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, அவனைப் பார்த்ததோ இல்லையோ தெரியாது. பம்ப் வெறுமையாகத் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. உதயரூபன் குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்தான். கலியாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் முதல்தரம். எத்தனையோ மாரியில் அடுத்த அறைவரை கேட்கிற அந்த இழுவைச் சத்தம் அங்கே இல்லை. எங்கோ அடியில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான். பின் ஆசனத்தில் கிடத்தினான். நிருஷா தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே திருப்பில் எழும்பியது, சத்தம் சுத்தமாக இருந்தது. கியரைப் போட்டான், காலை எடுத்தான். எஞ்சின் கூவியது. கார் அசையவில்லை. இன்னும் மிதித்தான். கருகின வாசம் வந்தது. சில்லு ஒரு விரற்கடையும் உருளவில்லை.

வீட்டின் பின்பக்கத்திலிருந்து ரதீஸ் மழைக்குள் ஓடிவந்தான்.

"அத்தான், அது அசையாது. காலையிலேயே பாத்தன், அது அசையல்ல."

"நீதானே போன்ல சொன்ன நல்லா இழுக்குதெண்டு?"

ரதீஸ் அவனைப் பார்த்தான். பிறகு காருக்குள் கிடக்கிற அக்காவைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"நான் அக்காவச் சொன்னன்" என்றான்.

1990க்கு அடித்தார்கள். தெருவில் தண்ணீர் ஏறியிருந்தும் இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. வந்தவர்கள் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தார்கள். மண்முனைப் பாலத்தில் போகும்போது சுதர்சனா போய்விட்டாள். கூட இருந்த உதயரூபன் அவள் கையைப் பிடித்திருந்தான், கை குளிர்ந்த பிறகும் விடவில்லை.

ஆசுப்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் அவனைப் பக்கத்தில் இருத்திப் பொறுமையாகச் சொன்னார். முட்டு கடுமையாகிப்போனால் சத்தம் நின்றுவிடுமாம். சுகம் வந்து நிற்பதில்லையாம். உள்ளே காற்றுப் போவதும் வருவதும் இல்லாமல் போவதால் இழுப்பதற்கு ஒன்றும் இருக்காதாம். உதயரூபன் தலையை ஆட்டினான். பாரம் இழுக்காத எஞ்சின் சத்தம் போடாது என்று இஷாம் நானா சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்திலும் காரின் ஞாபகம்தான் வருகிறதே என்று தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். வயதானவர், நல்ல மனிதர், சாவு வீட்டாரிடம் எப்படிக் கதைப்பது என்று தெரிந்தவர். பிரேத அறைக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து முதலில் ரதீசைக் கேட்டார்.

"போன்ல நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இழுக்குது எண்டு சொன்னன் ஐயா."

"அதுக்கு இவர் என்ன சொன்னவர்?"

ரதீஸ் தரையைப் பார்த்தான். "பயமில்ல, கை வைக்காத, ஆறப் போடு, அலட்டாம விடு எண்டு சொன்னவர். ஆம்புலன்சுக்கு அடிப்பம் எண்டுதான் இருந்தன். எத்தினையோ தரம் பாத்த மனிசன் சொல்றார், அவருக்குத் தெரியும்தானே எண்டு விட்டுட்டன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு உதயரூபனைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். உடனே ரதீஸ் பதறிக்கொண்டு, "ஐயா, அவர் காரச் சொன்னவர். நான் அக்காவச் சொன்னத அவர் கார் எண்டு நினைச்சிட்டார்" என்றான். காரின் கதை, கிளச்சின் கதை, மூன்று புரியின் கதை எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது அழுதான். அதிகாரி முழுவதையும் கேட்டார்.

"விளங்குது தம்பி. ஒரு சொல்லால வந்த வினை. ஆரையும் குத்தம் சொல்ல ஏலாது" என்று சொல்லி எழுதினார். பிறகு உதயரூபன் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெளிக்கிடக்குள்ள மனிசிக்கு வருத்தம் இருந்ததா?"

"இருந்தது ஐயா."

"கடுமையாவா?"

"எழும்பி இருந்துதான் மூச்சு எடுத்தவ."

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். குற்றம் பிடிக்கிற குரலில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்ப, இழுக்குது எண்டு போன்ல சொன்ன உடன, உங்களுக்கு அவட ஞாபகம் வரல்லியா?"

ரதீஸ் உதயரூபனின் கையைப் பிடித்தான். அவன் அதை மெல்ல விலக்கிவிட்டான்.

"இல்ல ஐயா. கார்தான் ஞாபகம் வந்தது."

அதிகாரி பேனாவை மூடினார். "சரி, அத விடுவம். அது எழுதத் தேவையில்ல" என்றார்.

"எழுதுங்க ஐயா" என்றான் உதயரூபன்.